கழற்றிப் போட்ட 'எல்' போர்டு

போன ஐப்பசியில், கந்தசஷ்டி விரதத்தின் இரண்டாம் நாள், எங்கள் கார் இன்னொருவர் காரில் இடித்துவிட்டது. சின்ன விபத்துதான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அடுத்து வந்த நாட்களில் நான் பட்ட பாடு அந்தச் செந்தூர் முருகனுக்குத்தான் தெரியும். அவன் எப்படிக் கைகொடுத்தான் என்பதை என்னைப் போன்ற முருக பக்தர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேட்டதை அவன் கொடுக்கவில்லை.

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. பெஹாலாவில் குடியிருக்கிறோம். ஒரே மகள் கோமதி. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை வீட்டுக்குள்ளும் வங்காளியை வீட்டுக்கு வெளியிலும் பேசுவாள். கோபம் வந்தால் வீட்டுக்குள்ளும் வங்காளிதான். படிப்பு முடிந்ததும் நியூ டவுனில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. சேருவதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. எங்கள் வீட்டிலிருந்து நியூ டவுன் போக ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டும். அதனால் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. கார் என் பெயரில் இருக்கிறது. பல வருடங்களாக ஓட்டுகிறவளும் நான்தான். என் வீட்டுக்காரர் ரயிலைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டார். ஆக, வாத்தியார் வேலை என் தலையில் விழுந்தது.

கோமதி முறைப்படி எல்.எல்.ஆர். எடுத்திருந்தாள். முன்னால் பானெட்டில் ஒன்று, பின்கண்ணாடியில் ஒன்று என்று சிவப்பு 'எல்' ஸ்டிக்கர் ஒட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு காலியாக இருக்கும்போது அவள் ஓட்டுவாள். நான் இடது பக்கம் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையும் முருகன் பேரில் ஒரு மனதுமாக இருப்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினோம். காளி பூஜை முடிந்திருந்தது. ஆனால் பந்தல் மூங்கில்களை யாரும் பிரிக்கவில்லை. எங்கள் தெருமுனையில் அவை பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றன. கோமதி அவற்றை ஒதுக்கி மெல்லத் திருப்பினாள். மூங்கிலுக்கு அந்தப் பக்கம், சந்திலிருந்து ஒரு வெள்ளைக் கார் வெளியே வந்து நின்றிருந்தது. "பிரேக், பிரேக்" என்றேன். பதற்றத்தில் அவள் கால் ஆக்சிலேட்டரில் பட்டுவிட்டது. என் கையாவது ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்க வேண்டும். அது நெஞ்சுக்கு நேராகப் போய் இன்னொரு கையோடு சேர்ந்து கும்பிட்டுவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு "முருகா" என்றேன். அதே நேரம் டமார் என்றது.

கண்ணைத் திறந்தால் எங்கள் இடது ஹெட்லைட் நொறுங்கியிருந்தது. பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. அந்தக் காரின் பின்கதவு நன்றாக ஒடுங்கிவிட்டது. கோமதி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிர்க் காரிலிருந்து வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக ஒரு பெரியவர் இறங்கினார். அடுத்த தெருவில் இருக்கும் தாஸ்குப்தா பாபு. மார்க்கெட்டில் பார்த்திருக்கிறேன், பேசினதில்லை. மனுஷர் எங்களிடம் உயிரோடு இருக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. இறங்கின உடனே போனை எடுத்து எங்கள் முன்னால் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று பயந்து, கூப்பின கையோடு மறுபடி கண்ணை இறுக மூடித் திறந்தால், படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். கல்யாண வீட்டு போட்டோகிராபர் மாதிரி முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. இந்த ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் நீதிபதிகளுக்குப் பஞ்சம் வராது. மூங்கில் மேல் தப்பு என்றார்கள் சிலர். சந்திலிருந்து பார்க்காமல் வந்தது தப்பு என்றார்கள் சிலர். தாஸ்குப்தா பாபு எதற்கும் காது கொடுக்கவில்லை. என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். இதை ஒழுங்காக முடித்துத் தராவிட்டால் தானாவில் டைரி போடுவேன் என்றார். தானா என்றால் இங்கே போலீஸ் ஸ்டேஷன், டைரி என்றால் புகார். அந்த வார்த்தையைக் கேட்டதும் கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் சில்லென்று இருந்தது.

தட்டுத் தடுமாறி நானே காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். அடுத்து நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நம் ஊர்க்காரிகள் மட்டும்தான் அதைச் செய்வார்கள். திருஷ்டி கழித்தேன். மார்க்கெட்டில் வெள்ளைப் பூசணி வாங்கிவந்து, குங்குமம் கொட்டி, காரைச் சுற்றி வாசலில் உடைத்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். மேல் வீட்டு பௌதி, அதாவது அண்ணி முறை வைத்து நாங்கள் கூப்பிடும் வங்காளிப் பெண், மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவள் தரையில் சிவப்பாக இருப்பதைக் கண்டு யாருக்கு அடிபட்டது என்று அலறிக்கொண்டு இறங்கி வந்தாள். பூசணிக்குத்தான் என்று சொல்லி அனுப்பினேன். அவளும் போனாள், ஆனால் முழுதாக நம்பவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். இத்தனை கண்ணும் எதனால் விழுந்தது என்று யோசித்தேன். பானெட்டில் பளிச்சென்று இருந்த சிவப்பு 'எல்' கண்ணில் பட்டது. போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பது இதைத்தானே என்று தோன்றிவிட்டது. முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் உரித்துக் குப்பையில் போட்டேன். பசை தெரியாமல் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் தண்ணீரால் காரை அலம்பினேன். பானெட்டில் 'எல்' இருந்த இடத்தில் திருச்செந்தூர் பன்னீர் இலை விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்டேன். மறுநாள் காலையில் குப்பை வண்டிக்காரன் விசில் அடித்துக்கொண்டு வந்து குப்பையை அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

இன்ஷூரன்ஸுக்கு அதற்குப் பிறகுதான் போன் செய்தோம். போனில் பேசின பெண் காரை அப்படியே வைத்திருங்கள், எதையும் துடைக்கவோ கழற்றவோ வேண்டாம், சர்வேயர் வந்து பார்ப்பார் என்று பணிவாகச் சொன்னாள். நான் கையிலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டு சரிம்மா என்றேன். என் வீட்டுக்காரர் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

உண்மையான சோதனை திங்கட்கிழமை சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்தபோது ஆரம்பித்தது. அங்கே அவருடைய நண்பர்கள் அவரை நன்றாகப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவள் ஓட்டி இடித்தால் கம்பெனி க்ளெய்மைத் தொடவே தொடாது என்றார்களாம். அந்தப் பெரியவர் தானாவுக்குப் போனால் வழக்கு கோமதி பெயரில்தான் வரும் என்றார்களாம். வேலையில் சேருவதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டு. அந்த நேரத்தில் பெண்ணின் பெயரில் ஒரு கேஸ் இருந்தால் நியூ டவுன் வேலையை மறந்துவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு முகமே செத்துப்போயிருந்தது.

"நீ ஓட்டுனதா எழுதிரு. உங்கிட்ட லைசென்ஸ் இருக்கு, பக்கத்துலதான உக்காந்திருந்த. என்ன பெரிய வித்தியாசம்?" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழி என் மேல் வரட்டும், பெண் தப்பிக்கட்டும் என்று எந்தத் தாய்தான் நினைக்கமாட்டாள்? க்ளெய்ம் பாரத்தில் ஓட்டினவர் பெயர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு மற்றதை எல்லாம் நிரப்பினோம். சர்வேயர் வருகிற அன்று என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று. கோமதியிடம் யாரும் கேட்கவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று ஒருமுறை சொன்னதோடு சரி.

நான் விரதத்தில் இருந்தேன். பகலில் பாலும் பழமும்தான். பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதேன். நாலு நாளும் என் பிரார்த்தனை ஒன்றே ஒன்றுதான். "முருகா, நான்தான் ஓட்டினேன்னு சொல்லுவேன். அதை எல்லாரும் நம்பும்படி நீதான் பாத்துக்கணும். எம் பிள்ளை பேரு எதுலயும் வரக் கூடாது." கொஞ்சம் உரக்கவே சொல்லியிருக்கிறேன் போல. திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் கோமதி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, பொய் சொல்லுததுக்கு முருகன்கிட்ட சிபாரிசு கேக்கியா?" என்றாள்.

"ஏட்டி, போ அந்தப் பக்கம்" என்று விரட்டிவிட்டேன். அவள் போய்விட்டாள். அந்தக் கேள்வி போகவில்லை. பால் குடித்தாலும் தொண்டையில் முள் மாதிரி அது நின்றது.

சர்வேயர் வருவதாகச் சொன்ன நாள் வியாழக்கிழமை. சஷ்டி. சூரசம்ஹாரத்து நாள். காரை அதற்கு முன்பே பக்கத்து கேரேஜில் கொண்டுபோய் விட்டிருந்தோம். நாங்கள் மூன்று பேரும் போனோம். உள்ளே நுழைந்தால் எங்கள் காருக்குப் பக்கத்திலேயே தாஸ்குப்தா பாபுவின் வெள்ளைக் கார் நிற்கிறது. அவரும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பெஹாலா எவ்வளவு பெரிய இடம், எத்தனை கேரேஜ் இருக்கிறது, இவர் இங்கேதான் விட வேண்டுமா? அவர் எங்களைப் பார்த்தார். தலையைக்கூட அசைக்கவில்லை.

சர்வேயர் ஒல்லியான நடுத்தர வயதுக்காரர். அதிகம் பேசாதவர். காரைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார். மஞ்சள் கறையையும் விபூதிப் பட்டையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பாரத்தை வாங்கிப் புரட்டினவர் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை ஓட்டினது யார் என்று ஹிந்தியில் கேட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

பேனாவை வாங்கிவிட்டேன். என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல் வரவில்லை. விரதத்தில் தொண்டை வறண்டதா, பயமா, அல்லது அவன்தான் அடைத்தானா, அப்போது எனக்குத் தெரியவில்லை. எழுதலாம் என்றால் கை நகரவில்லை. என் வீட்டுக்காரர் முழங்கையால் லேசாக இடித்தார். நான் அப்படியே நின்றேன்.

அப்போது கோமதி என்னைத் தாண்டி முன்னால் வந்தாள். வண்டியை ஓட்டினது நான்தான் என்று தெளிவாக வங்காளியில் சொன்னாள். என்னிடம் எல்.எல்.ஆர். இருக்கிறது, அம்மா பக்கத்தில் இருந்தார்கள், பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றாள். என் வீட்டுக்காரர் கேரேஜ் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

சர்வேயர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுடைய எல்.எல்.ஆரையும் என் லைசென்ஸையும் வாங்கித் தேதி பார்த்தார். இரண்டும் சரியாக இருக்கின்றன, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்து, வண்டியில் 'எல்' போர்டும் இருந்திருந்தால் க்ளெய்முக்கு ஒரு தடையும் இல்லை என்றார். காதில் தேன் வந்து பாய்ந்த மாதிரி இருந்தது. இந்த நாலு நாள் அழுகையும் எதற்காக? பயமுறுத்தினவர்களில் ஒருவராவது பாலிசியைப் படித்துப் பார்த்திருந்தால் போதுமே! அவர்களை என்ன சொல்வது, பீரோவில் இருந்த பாலிசியை நானும்தான் படிக்கவில்லை.

அடுத்து அவர் கேட்டார், "போர்டு எங்கே?"

நான் விபூதிப் பட்டையைக் காட்டினேன். அங்கேதான் இருந்தது, திருஷ்டிக்காகக் கழற்றிவிட்டேன் என்றேன். அவருக்குப் புரியட்டும் என்று நஜர், நஜர் என்று இரண்டு தடவை சொன்னேன். நஜர் எல்லோருக்கும் உண்டு, கழற்றுவதற்கு முன்னால் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்றார். படத்துக்கு எங்கே போவேன்? பூசணிக்காய் வாங்க ஓடினவள் ஒரு படம் எடுக்கவில்லையே. 'எல்' இருந்தது என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த வாயோ ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் பொய் சொல்லத் திறந்தது. உண்மையைச் சொல்லிவிட்டு நம்ப ஆளில்லாமல் நிற்கிறாளே என் பெண் என்று உள்ளுக்குள் நொறுங்கிப்போனேன். அப்போது மறுபடியும் "முருகா" என்றேன். இந்தத் தடவை அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமார் காச்சே ஆச்சே." என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

தாஸ்குப்தா பாபு டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். போனைத் திறந்து சர்வேயரிடம் நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் படம். நாங்கள் காரைவிட்டு இறங்குவதற்கு முன்னால் எடுத்தது. பானெட்டில் சிவப்பாக 'எல்'. கண்ணாடிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கோமதி. அவளுக்குப் பக்கத்தில் நான், இரண்டு கையையும் கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு. யார் ஓட்டினது, யார் பக்கத்தில் இருந்தது, போர்டு இருந்ததா இல்லையா, எல்லாம் அந்த ஒரே படத்தில் இருந்தன.

சர்வேயர் தலையாட்டிவிட்டு அதை அனுப்பச் சொன்னார். தாஸ்குப்தா பாபு என் பக்கம் திரும்பினார். அவர் வங்காளியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"விபத்து நடந்தால் ஓட்டினது வேறு ஆள் என்று பலர் மாற்றிச் சொல்வார்கள். அதனால்தான் இறங்கியதும் முதலில் படம் எடுத்தேன். இன்றைக்கு நீங்கள் மாற்றிச் சொல்லியிருந்தால் இதை எடுத்துக்கொண்டு நேராகத் தானாவுக்குப் போயிருப்பேன். உங்கள் மகள் உண்மையைச் சொல்லிவிட்டாள். எனக்கு இனி எந்தப் புகாரும் இல்லை."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. நாலு நாளாக நான் மன்றாடிக் கேட்டதை முருகன் கொடுத்திருந்தால், என் பொய்யைச் சர்வேயர் நம்பியிருப்பார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் நம்பியிருக்கமாட்டார். எந்தத் தானாவிலிருந்து பெண்ணைக் காப்பாற்ற நினைத்தேனோ, அதே தானாவுக்கு நானே அவளைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்டிருப்பேன். அந்த ஒரு நிமிஷம் என் தொண்டையை அடைத்தது யார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை. என் வீட்டுக்காரர் இது விரதத்துப் பசி என்கிறார். அப்படியே இருக்கட்டும். அந்த விரதம் யாருக்காக இருந்தேன்?

நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். தாஸ்குப்தா பாபு சங்கடப்பட்டு எனக்கும் ஒரு டீ சொன்னார். விரதம் என்றேன். அவருக்கு அது சரியாகப் புரியவில்லை. புரியாவிட்டாலும் ஒரு கும்பிடு போட்டார். காலியாக இருந்த இடத்தில் கோமதியின் பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடித்தது எங்கள் தவறு என்று தாஸ்குப்தா பாபு கேட்டபடி எழுதியும் கொடுத்தேன். அவர் காரை அவருடைய இன்ஷூரன்ஸில் சரி செய்துகொண்டார். அதில் அவருக்கு வந்த நஷ்டத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அதுதானே முறை. எங்கள் க்ளெய்மும் தடையில்லாமல் வந்தது. புது ஹெட்லைட்டும் புது பம்பருமாகக் கார் வீடு வந்து சேர்ந்தது. சர்வேயர் வந்த அந்த வியாழக்கிழமை சாயங்காலமே கோயிலில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வந்து விரதத்தை முடித்தபோது, கோமதி என்னோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

போலீஸ் விசாரணை நல்லபடியாக முடிந்து அவள் வேலையில் சேர்ந்தாள். ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றவள் மறுபடியும் ஓட்டிப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றுதான், புதிதாக ஒட்டியிருந்த 'எல்' ஸ்டிக்கரை உரித்தோம். அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டார். தாஸ்குப்தா பாபுவும் அவர் மனைவியும் இப்போது எங்களுக்கு நெருக்கம். விஜயதசமிக்கு அவர்கள் வீட்டிலிருந்து சந்தேஷ் இனிப்பு வருகிறது, பொங்கலுக்கு இங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் போகிறது.

அந்தப் படத்தை அவரிடம் கேட்டு வாங்கி, பிரிண்ட் போட்டு, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அன்று என் கண்ணுக்கு எதிரியாகத் தெரிந்தவரின் கையிலேயே எங்களுக்கான சாட்சியைக் கொடுத்து வைத்திருந்தான் அவன். நான் பயந்து பயந்து அழுத அத்தனை நேரமும் அது அடுத்த தெருவில் பத்திரமாக இருந்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு நெருக்கடி வரலாம். தாராளமாக அவனிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டுக் கேளுங்கள். ஆனால் எந்த வழியில் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுக்காதீர்கள். உள்ளதைச் சொல்லிவிட்டு அவன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோமதிதான் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறாள். நான் இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன். தெருமுனை வந்தால் என் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். அவள் ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல் சொல்வாள்.

"கும்பிடும்மா, வேண்டாங்கல. கண்ணை மட்டும் தொறந்து வச்சுக்கோ."